நீலக் குமிழில் ஆறாவது டிக்

அந்தக் குமிழ் என் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். நீல நிறம். சைக்கிளின் நடுச் சட்டத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் படுத்தாற்போல் பொருத்தியிருக்கும் ஷாக் அப்சார்பரின், சுருக்கமாக ஷாக்கின், ஓரத்தில் இருக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் உள்ளே எண்ணெய் போகும் வழி குறுகும். பின்சக்கரம் கல்லில் ஏறும்போது ஷாக் எளிதில் அமுங்காது. இடப்பக்கம் திருப்பினால் வழி அகலும், சட்டென்று அமுங்கும். கொஞ்சம் திருப்பினால் ஒரு டிக், இன்னும் கொஞ்சம் திருப்பினால் இன்னொரு டிக். இதற்குக் கம்ப்ரெஷன் டேம்பிங் என்று பெயர் என்பதை நாற்பத்தெட்டாம் வயதில் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு அல்ல. ஒரு ஆள் தன் வீட்டு வாசலைத் தாண்டித் தனியாகப் போய்வர முடியுமா முடியாதா என்பது கொஞ்ச காலம் அந்தக் குமிழின் கையில் இருந்தது. அந்த ஆள் என் கணவர்.

நான் எதையும் நாள் வைத்து நினைவு வைத்திருப்பவள். நல்ல நாள் பார்ப்பவள் இல்லை, நடந்த நாளைப் பார்ப்பவள். பாகூர் ஏரி எந்த வருஷம் எந்த மாதம் நிரம்பியது, எந்தச் சம்பா சாய்ந்தது, எந்த ஆடியில் காற்று வேப்பமரத்தை முறித்தது, இதெல்லாம் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை. பழைய மாலுமிகளின் குறிப்புகள், பஞ்ச காலத்து அதிகாரிகளின் குறிப்புகள் என்று கையில் கிடைப்பதையெல்லாம் படித்து வந்த பழக்கம். என்றோ செத்துப் போனவர்கள் காற்றின் திசையை ஒழுங்காக எழுதிவைத்திருப்பதைப் பார்த்தால் மனசுக்கு ஒரு தெம்பு வரும். இப்போது அந்தத் தெம்பு வருவதில்லை. பழக்கம் மட்டும் இருக்கிறது.

என் கணவர் கரும்பு லாரி ஓட்டினார். சுத்துக்கேணி, மண்ணாடிப்பட்டுப் பக்கத்து வயல்களில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவார். பாரம் கூரைக்கு மேலே இன்னொரு கூரை மாதிரி நிற்கும். வயலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் வரைக்கும் பாதை என்று ஒன்றும் கிடையாது. அந்தக் குலுக்கல் முழுவதையும் வருஷக்கணக்கில் அவர் முதுகெலும்புதான் வாங்கியது. ஒரு தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், ஆலை வாசலில் வரிசையில் நின்ற லாரியிலிருந்து இறங்கினார். இடது கால் தரையைத் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவருடைய பழைய கிளீனர். இப்போது சொந்தமாக மினி லாரி வைத்திருக்கிறார், ஆனாலும் இவரை "ணா" என்றுதான் கூப்பிடுவார்.

பங்குனியில் முதுகில் அறுவை நடந்தது. இனி லாரி கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். கால் பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்தாள். சமதரையில் மெதுவாகச் சைக்கிள் மிதிக்கலாம், கால் தசைக்கு நல்லது, முதுகுக்கு அதிர்ச்சி மட்டும் போகக் கூடாது.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குத் தெற்கே. ஏரிக்கரை மேலேயே போனால் மறுமுனையில் ஒரு டீக்கடை. லாரிக்காரர்கள், டிராக்டர்காரர்கள், வேலையில்லாதவர்கள் எல்லாம் காலையில் அங்கேதான் இருப்பார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து, லாரி ஓடாத காலையில் என் கணவர் அங்கே போகாமல் இருந்ததில்லை. அறுவைக்குப் பிறகு சித்திரையில், வீட்டிலிருந்த பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு நினைவிருக்கிறது. திரும்பி வந்தது கிளீனருடைய மினி லாரியில், படுத்தபடி. கரையில் கிடந்த சரளைக்கல் ஒவ்வொன்றும் சீட்டு வழியாக நேரே முதுகுக்குப் போயிருந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. கடையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். வந்தவர்களிடம் சிரித்தார், போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேசிக்கொண்டே லாரி ஓட்டிய மனிதர். எஞ்சின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். வீட்டில் அந்தக் குரல் இல்லாமல் போனது எனக்குப் பயமாக இருந்தது.

ஆனி மாதம் மணப்பட்டுக் கடற்கரைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் புத்தகம் வாங்கப் போனேன். புத்தகத்தையெல்லாம் கரையான் தின்றிருந்தது. வெளியே தென்னைமரத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. தடித்த டயர், முன்னாலும் ஷாக், பின்னாலும் ஷாக். மலைப்பாதையில் ஓட்டச் செய்தது. அவர் அதன் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். சைக்கிள் மூச்சுவிடுவதுபோல் அமுங்கி எழுந்தது. நான் வேறெதையும் பார்க்கவில்லை. புத்தகத்துக்குப் போனவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். வீடு வரைக்கும் தள்ளினேன்.

"இன்னாடி இது, மாட்டுக்கு மாரி டயரு?" என்றார் என் கணவர். அந்த மாதத்தில் அவர் என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

"பின்னாடி ஷாக்கப்சர் இருக்குதுங்க. குலுக்காது."

"லாரிக்குக்கூட அடியில இரும்புப் பிளேட்டுதான். சைக்கிளுக்குப் பாரு ராஜபோகம்."

இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் பள்ளியிலிருந்து வரும்போது அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பின் ஷாக்கை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். அந்த ஷாக்குக்குள் ஸ்பிரிங் இல்லை, அடைத்த காற்று. ஆள் ஏறி உட்கார்ந்தால் கால்பங்கு அமுங்கி நிற்கும்படி சின்ன பம்பால் காற்றடிக்க வேண்டும். எடையைத் தாங்குவது காற்று. அடி விழும்போது அதை வாங்கி மெதுவாக்குவது எண்ணெய். சிவப்புக் குமிழ், அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்துக்கு. நீலக் குமிழ், அமுங்கும் வேகத்துக்கு. முதலில் நீலத்தை வலப்பக்கம் முழுவதும் மூடிவிட்டு, அங்கிருந்து எத்தனை டிக் தளர்த்துகிறோம் என்று எண்ண வேண்டும். கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு தண்டு ஷாக்குக்குள் போய் வரும். அதன் மேல் ஒரு ரப்பர் வளையம். ஓட்டி முடித்ததும் வளையம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் ஷாக் எவ்வளவு ஆழம் போனது என்று தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், நான் ஓட்டிப் பார்த்து அவருக்கு வைக்க முடியாது. என் எடை வேறு, அவர் எடை வேறு. அதனால் முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் ஓட்டினேன். எதிர்வீட்டுக்காரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியை வைத்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், ரேஷன் அரிசி கடத்துறியா?" நூலகத்தில் வேலை செய்கிறவளும் எங்கள் தெருவுக்கு டீச்சர்தான்.

உள்ளேயிருந்து என் கணவர் குரல் வந்தது. "ஓவர்லோடும்மா. செக்போஸ்ட்டுல புடிச்சிருவானுங்க, நீயே போன் போட்டுச் சொல்லிடு."

நான் மூட்டையோடு நின்று அழுதேன். வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

ஆடி முழுவதும் சோதனைதான். முதலில் தெருவில், அப்புறம் கோயில் வரைக்கும், அப்புறம் கரையில் முதல் வேலமரம் வரைக்கும். ஓட்டிவிட்டு வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வண்டியைப் பற்றி டிரைவர் மெக்கானிக்கிடம் சொல்வதுபோலச் சொல்வார்.

"எத்தினில வெச்ச?"

"மூடி ரெண்டு டிக் தளத்தினேன்."

"அதான். கல்லு ஒவ்வொண்ணும் பேர் சொல்லிக் கூப்புடுது."

மறுநாள் பத்தில் வைத்தேன். மூடியிலிருந்து பத்து டிக் தளர்வு. சரளையில் மெத்தை மாதிரி போனது என்றார். ஆனால் கரையில் மதகுக்கு மேலே ஒரு குழி உண்டு, மழைத்தண்ணீர் அரித்து உண்டானது. அதில் இறங்கியதும் ஷாக் கடைசி வரைக்கும் முங்கி, இரும்போடு இரும்பு மோதியது. அன்றைக்கு வளையம் தண்டின் முனையில் வந்து நின்றது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். கெட்டியாக வைத்தால் சின்னக் கல் வலிக்கும். தளர்வாக வைத்தால் பெரிய குழி கொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்க வேண்டும். எட்டு வைத்தேன். ஐந்து வைத்தேன். காற்றை ஏற்றி இறக்கினேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடினால் நீலக் குமிழ்தான் தெரியும்.

ஆவணிக் கடைசியில் ஆறு என்று தெரிந்தது. மூடியிலிருந்து ஆறு டிக்.

அன்றைக்கு ஞாயிறு. நான் வாசலில் நின்றேன். அவர் கரை ஏறி, வேலமரத்தைத் தாண்டி, மதகைத் தாண்டி, சின்னப் புள்ளியாகி மறைந்தார். சொர்ணவாரி நெல் அறுப்பு முடிந்த வயல்கள், ஒரு மறைப்பும் இல்லை. அவர் மறையும் வரைக்கும் பார்க்க முடிந்தது. கிளீனருக்குப் போன் செய்தேன்.

"வந்துட்டாருக்கா. வந்து குந்திகினு எனக்கே அட்வைஸ் குடுத்துகினு கீறாரு. என் வண்டி பிளேட்டு செத்துப்போச்சாம். சைக்கிள வெச்சிகினு லாரிக்காரன நக்கல் பண்றாரு."

பின்னால் கடையில் சிரிப்புச் சத்தம். அதில் அவர் குரலும் இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் சட்டையில் டீக்கறை. முதுகு வலிக்கிறதா என்றேன். "முதுகா? எந்த முதுகு?" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் கிளம்பும்போது ஒரு கேள்வி. "எத்தினில கீது?" நான் அடுப்படியிலிருந்தே "ஆறு" என்பேன். விடிந்ததுமே குமிழைத் தொட்டுப் பார்த்து வைத்திருப்பேன். அவர் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போவார்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. லாரி ஓட்டியவருக்கு அதுதான் பெரிய பண்டிகை, தீபாவளியெல்லாம் அப்புறம்தான். முந்தின நாளே லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, கதம்பம் போட்டு, பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைப்பார். ஸ்டியரிங், கியர், சக்கரம், கீழே குனிந்து பிளேட்டுக்குக்கூடப் பொட்டு உண்டு. பாரத்தைத் தாங்குவது அதுதானே என்பார். வைத்த பொட்டை அவர்கள் துடைக்க மாட்டார்கள். தானாகக் காய்ந்து உதிர வேண்டும். கையால் துடைத்தால் வண்டி கோபித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் சைக்கிளுக்குச் செய்தார். நான் எவ்வளவு சொல்லியும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஈரத்துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். சந்தனத்தை என்னிடமிருந்து வாங்கிக் கிண்ணத்தில் தானே குழைத்தார். ஹேண்டில்பார், சீட்டு, இரண்டு சக்கரம், செயின் மூடி. கடைசியில் பின் ஷாக்கின் மின்னும் தண்டுக்கு மூன்று விரலால் சுற்றிப் பூசி, மேலும் கீழும் குங்குமம் வைத்தார். அதற்கு மட்டும் இரண்டு பொட்டு.

"அதுக்கு ஏன் ரெண்டு?"

"ஒண்ணு அதுக்கு. ஒண்ணு அத்த முறுக்கிகினே இருக்கிற உனுக்கு."

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினார். எனக்கு அந்தக் காட்சி அழகாக இருந்தது. இப்போதும் நினைத்தால் அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடுமை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரை சேறாகிக் காய்ந்து, சேறாகிக் காய்ந்து கிடந்தது. ஒரு நாள் வந்து படுத்துக்கொண்டு சொன்னார். "ஆறுல கீதுன்ன? பின்னாடி முங்குதே."

ஐந்து வைத்தேன். இரண்டு நாள் சரியாக இருந்தது. மறுபடி முங்கியது. நாலு. காற்று இறங்கியிருக்கும் என்று பம்பால் அடித்தேன். மழைக் குளிரில் எண்ணெய் மாறுமா என்று படித்தேன். அவர் எடை கூடியிருக்கிறதா என்று ரேஷன் கடைத் தராசில் நிற்கச் சொன்னேன். "அரிசி இல்ல, ஆள நிறுக்கிறாங்க பாரு" என்று கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். எடை அதேதான். மூன்று. இரண்டு. ஒவ்வொரு டிக்கும் எங்கள் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. டீக்கடை வரைக்கும் போனவர் மதகு வரைக்கும் போனார். அப்புறம் வேலமரம் வரைக்கும். கார்த்திகை தீபம் வந்தபோது குமிழ் முழுவதும் மூடியிருந்தது, அதற்கு மேல் திருப்ப இடமில்லை. ஆனாலும் சைக்கிள் மேல் கை வைத்து அமுக்கினால் ஒரு தடையும் இல்லாமல் தொபுக்கென்று இறங்கி எழுந்தது. தண்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது.

ஷாக்கைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். கியர் சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் என்னைவிடச் சின்னவர், கலகலப்பானவர். காற்றை இறக்கிவிட்டு மேல்கூட்டைத் திருகிப் பிரித்தார். உள்ளே, எண்ணெய் வெளியே வராமல் தண்டைச் சுற்றி அடைத்திருந்த வேறொரு ரப்பர் வளையத்தைச் சின்னக் கொக்கியால் தூக்கி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் மடிப்பில் செக்கச்செவேலென்று ஒரு பசை.

"இன்னாக்கா, ஷாக்குக்குப் பொட்டு வெச்சீங்களா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் விளக்கினார். சந்தனம் காய்ந்தால் பொடி. அது கரை மண்ணோடு சேர்ந்து, தண்டு உள்ளே போகும்போதெல்லாம் வளையத்துக்குள் போயிருக்கிறது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. வளையம் கிழிந்து, தண்டில் கோடு விழுந்து, எண்ணெய் அந்தக் கோடு வழியாக வெளியேறிவிட்டது.

"வளையம் மட்டும்னா எதுனா பண்ணலாம்கா. தண்டே போயிட்ச்சு. இது ரொம்பப் பழைய மாடலு. இந்த அளவுல இப்ப செய்யறதே இல்ல."

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. பெங்களூரில் தெரிந்தவர்களைக் கேட்டார். அடுத்த வாரம் சைக்கிளையே கொண்டுவரச் சொல்லி, வேறொரு சைக்கிளின் ஷாக்கைப் பொருத்திப் பார்த்தார். நீளம் குறைவு, பெடல் தரையில் தட்டியது. அந்த மாதிரிப் புது சைக்கிளின் விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

முதல் நாள் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பழசாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள், பையிலிருந்து செய்தித்தாளை எடுத்துப் பிரித்துவிட்டிருந்தார். வண்டிச் சாமானைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிழிந்த வளையம் அவர் உள்ளங்கையில் இருந்தது. கட்டைவிரலில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதை மோந்து பார்த்தார்.

"நான் வெச்சதா?"

முந்தானையால் அவர் கட்டைவிரலைத் துடைக்கப் போனேன்.

"லாரிக்கு அத்தினி வருஷம் வெச்சேன். ஒண்ணும் ஆவலியே."

"லாரி பிளேட்டு வேறங்க. இது உள்ள போய் வர்ற தண்டு."

"சாமிக்குதானேடி வெச்சேன்."

நான் படித்ததில் சாமிக்கு வைப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் வளையத்தை மறுபடி செய்தித்தாளில் வைத்து, சுற்றி, மடிப்புகளை விரலால் நீவிவிட்டு என்னிடம் நீட்டினார். ஏதோ கோயிலில் கொடுத்த பொட்டலம் மாதிரி. திட்டியிருந்தால், சுவரில் விட்டெறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

மார்கழியில் எண்ணெய் இல்லாத அந்த ஷாக்கையே, கடைக்காரர் ஒப்புக்கு மூடித் தந்ததை, திரும்பப் பொருத்தினேன். காற்று ஒருநாள் நிற்கும். சைக்கிள் நிற்பதற்காவது வேண்டுமே என்றுதான் பொருத்தினேன், ஓட்டுவதற்கு அல்ல. நான் பள்ளிக்குப் போயிருந்தேன். பனி விலகியதும் அவர் அதை எடுத்துக்கொண்டு கரை ஏறியிருக்கிறார். யாரிடமும் எத்தனையில் இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்க நான் இல்லை. ஒரு மாசமாய்க் கடைக்குப் போகவில்லை, பசங்க முகத்தைப் பார்க்கணும்போல இருந்தது என்று பின்னால் சொன்னார். மதகுக் குழியில் இறங்கியபோது எண்ணெய் இல்லாத ஷாக் கீழே போய் மோதி, அதே வேகத்தில் அவரைத் தூக்கியடித்தது. கிளீனர் போன் செய்தபோது நான் புதுப் புத்தகங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அண்ணன் கரையில கெடக்கிறாரு. பேச்சு கீது. காலுதான் அசைய மாட்டேங்குதுன்றாரு."

படம் எடுத்தார்கள். முன்பு முதுகெலும்புத் தட்டை வெட்டி எடுத்த இடத்துக்கு மேலே இருந்த தட்டும் நகர்ந்திருந்தது. இன்னொரு முறை கத்தி வைத்தால் இருப்பதும் போகலாம் என்றார்கள். வாக்கர் பிடித்து அறையிலிருந்து வாசல்படி வரை வருவார். படியில் நின்று வெளியே பார்ப்பார். அதற்கு மேல் இல்லை. இனி இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை. ஃபைலை மூடிய விதத்திலேயே தெரிந்தது.

கடையிலிருந்து முதல் மாதம் ஆட்கள் வந்தார்கள். கிளீனர் இன்னும் வருகிறார். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் அவருக்கும் நேரம் இருக்காது. பேச்சும் குறைந்துவிட்டது. லாரியைப் பற்றி யாராவது பேசினால் இவர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

மறுபடி புரட்டாசி வந்தது. ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கும் சாமான்களுக்கு வைத்தேன். அரிவாள்மணை, தையல் மெஷின், என் புத்தக அலமாரி. சந்தனக் கிண்ணத்தோடு அறை வாசலில் நின்றேன். பின்கட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் சைக்கிளுக்கு வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன்.

"அதுக்கு வேணாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "எனுக்கு வேணா ஒண்ணு வெச்சிவுடு. ஓடாத வண்டிக்கும் வெக்கறதுதான்."

வைத்தேன். நெற்றி சூடாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

கிண்ணத்தைக் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். சைக்கிள் மேல் தூசி படிந்திருந்தது. தண்டில் அவர் வைத்த பொட்டின் அடையாளம் ஒன்றும் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏன் என்று தெரியாமல், நீலக் குமிழை வலப்பக்கம் முழுவதும் மூடினேன். பிறகு எண்ணிக்கொண்டே தளர்த்தினேன். எண்ணெய் போய்விட்டாலும் குமிழுக்கு அடியில் இருக்கும் சின்ன உருண்டை அதன் பள்ளங்களில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. டிக், டிக் என்று பழைய மாதிரியே தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்பவர்களுக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியாது.

அறை ஜன்னல் பின்கட்டைப் பார்த்து இருக்கிறது. டிவி சத்தம் நின்றது.

"எத்தினில வெச்ச?"

"ஆறு" என்றேன்.

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"மழ வருது. ஒண்ணு இறுக்கி வெய்யி."

ஒன்று இறுக்கி வைத்தேன்.